கொக்கோத் தோட்டத்துக்கு அம்மி எதற்கு

இன்று காலை குண்டசாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொக்கோப் பழம் பறிக்கக் கண்டியில் லொறி ஏறினேன்.

"கத்தியும் சாக்கும் போர்வையும் போதும். ரெண்டு மாச வேலைதான்" என்று எங்களை வேலைக்குச் சேர்த்த கங்காணி சொல்லியிருந்தார்.

பக்கத்தில் இருந்த சவரியம்மாள் அக்கா அம்மியையே தூக்கி வந்திருந்தார்.

"ரெண்டு மாசத்துக்கு அம்மி எதுக்கு அக்கா?"

"போன வருசமும் இப்படித்தான் சொன்னாங்க. பழம் முடிஞ்சும் வீட்டுக்கு விடல, களையெடுக்க அங்கேயே நிப்பாட்டி வச்சிட்டாங்க."

"அப்புறம் ஏன் வாறீங்க?"

"தேயிலையில ஆள் கொறைச்சிட்டாங்க. வேற எங்க போறது?"

இறக்கிவிடச் சொல்லி லொறிப் பலகையைத் தட்டினேன்.

"ஆத்தைத் தாண்டியாச்சு. இனி எங்க எறங்குவ?" என்றார் கங்காணி.

அக்கா அம்மியைத் தள்ளி எனக்கு இடம் விட்டார். "ஒக்காரு. ரெண்டு பேருக்கும் இதுலயே அரைச்சிக்கலாம்."

இரண்டு மாதத்தில் வருவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இனி என்ன சொல்லி அனுப்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.