மெஷின் படாத தலை

கனடாவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் கல்பாக்கம் குடியிருப்புக்கு வந்த ஒரு இன்ஜினீயர் இரண்டு நாய்களைக் கூடவே கொண்டுவந்தார். நியூஃபவுண்ட்லாந்து என்று இனத்தின் பெயர். ஒரே ஈற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும். கறுப்பு நிறம், கன்றுக்குட்டி உயரம். பனி கொட்டும் தேசத்து நாய்களை இந்த வெயிலுக்குக் கொண்டுவந்தது தப்பு என்று அன்றைக்கே நினைத்தேன். இன்றும் அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் வந்துவிட்டன. பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கட்டினவன் விட்டுப்போனதால் புதுப்பட்டினத்தில், நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் வீட்டில் இருந்தேன். ஸ்டாஃப் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நைனா சலூன் வைத்திருந்தார். முடி எப்படி வளரும், எந்தப் பக்கம் படியும் என்பதெல்லாம் நான் பார்த்து வளர்ந்த விஷயம். அதனால் அந்த இரண்டு நாய்களின் முடியும் ஒன்றல்ல என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

இரண்டுக்குமே முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமாக, முரட்டுத்தனமாக, எண்ணெய்ப் பசையோடு ஒன்று. அடியில் பஞ்சு மாதிரி அடர்ந்த இன்னொன்று. அண்ணனுக்கு மேல்முடி தட்டையாகப் படிந்து மின்னும். தலையில் குட்டை முடிதான். நெற்றி வழவழப்பாக இருக்கும். தங்கைக்குக் கனடாவிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு அதன் முடி மாறிப்போனது என்று இன்ஜினீயரின் மனைவி சொன்னார். உடம்பெல்லாம் உப்பிக்கொண்டு, உச்சந்தலையிலும் காதோரத்திலும் செம்பட்டையாகக் கற்றை கற்றையாக நின்றது. கண்ணை மறைக்கும். காதுக்குப் பின்னால் சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிடும்.

மார்ச் மாதம் செங்கல்பட்டிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார். வெயில் தாங்காது, இரண்டையும் மொட்டையடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவருடைய கம்பவுண்டர் முடிவெட்டும் மெஷினோடு வந்தார். அண்ணனுக்கு மொட்டையடித்து முடிப்பதற்குள் மெஷினின் பல் மழுங்கிவிட்டது. தங்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

பதினைந்து நாளில் அண்ணனின் முதுகு சிவந்தது. பிறகு கொப்புளம் வந்து புண்ணானது. நிழலில் போட்டாலும் நிற்காமல் மூச்சு வாங்கியது. இன்ஜினீயரின் பழைய வேட்டியை நனைத்து அதன்மேல் போர்த்திவைத்தேன். வேட்டியோடு அது வீட்டுக்குள் நடந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது; அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. டாக்டரிடம் சொன்னதற்கு, அது கடற்கரைக் கொசு கடித்த புண் என்று மருந்து எழுதிக்கொடுத்தார்.

கத்தரி வெயில் தொடங்கிய வாரம் கம்பவுண்டர் புதுப் பல் மாட்டிக்கொண்டு தங்கைக்காக வந்தார். நான் வராந்தா தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

“இன்னாம்மா, நவுரு. டாக்டர் சொல்லிகீறாரு” என்றார்.

“டாக்டர் சொன்னது அண்ணங்காரன் முதுகுல எழுதிகீது. போய்ப் பாரு.”

இன்ஜினீயர் வெளியே வந்தார். படித்தவர்கள் சொல்வதைக் கேள், உனக்கு என்ன தெரியும் என்று அதட்டினார். ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. “இதும்மேல மெஷின் வெக்கணும்னா மொதல்ல என் தலையில வெய்யுங்க சார். அப்பறம் இதுக்கு வெய்யுங்க” என்றேன்.

கோடை முடிவதற்குள் இதற்கு ஏதாவது ஆனால் பொறுப்பு என்னுடையது, வேலையும் போய்விடும் என்று இன்ஜினீயர் சொன்னார். சரி என்றேன். கம்பவுண்டர் மெஷினைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

அதன்பிறகு நான் செய்ததில் மந்திரம் ஒன்றுமில்லை. தினமும் சீப்பைத் தோல்வரைக்கும் இறக்கி, செத்துப்போன அடிமுடியை மட்டும் வாரி எடுத்தேன். கூடை கூடையாக வந்தது. அது போய்விட்டால் காற்று உள்ளே போகும். மேல்முடி வெயிலுக்குக் குடையாக நிற்கும். விடிகாலையில் தங்கையைக் கடலுக்குக் கூட்டிப்போவேன். அலையைக் கண்டால் அது நிற்காது. மீன் வாங்க வந்த பெண்கள் கரடி, கரடி என்று ஒதுங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போகக் கிணற்று நீரில் அலசி, அடிமுடிவரை ஈரம் போகத் துடைப்பேன்.

தலைதான் கஷ்டம். அங்கே கத்தரியை நேராக வைத்தால் படிக்கட்டு போல வெட்டு விழும். உச்சியில் நின்ற கற்றைகளைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினேன். செத்த முடி என்பதால் வலிக்காது. தானாகக் கையோடு வரும். காதோரத்துக்கு, அடர்த்தியை மட்டும் குறைக்கும் பல் வைத்த கத்தரி வேண்டும். நைனாவிடம் கேட்டேன். நாய்மேல் பட்ட கத்தரி என்று தெரிந்தால் நாற்காலியில் ஒருவரும் உட்காரமாட்டார்கள் என்று மறுத்துவிட்டார். நல்லவேளையாக இன்ஜினீயரின் மனைவி கனடாவிலிருந்து கொண்டுவந்த அதே மாதிரிக் கத்தரி ஒன்று பெட்டிக்கு அடியில் இருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

சலூனில் யாரோ நைனாவைக் கேட்டிருக்கிறார்கள், உன் பொண்ணு நாய்க்குச் சிரைக்கிறாளாமே என்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வேலையை விடச் சொன்னார். எதற்கு விடவேண்டும் என்று கேட்டேன்.

“மானம் போவுது” என்றார்.

“உன்கிட்ட வர்றவங்க ஆயிரம் கொற சொல்றாங்க நைனா. என்கிட்ட வர்றது மடியில தலைய வெச்சுக்கினு தூங்குது. இதுல இன்னா மானம் போவுது?”

நாலு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, வேலையை விடவும் இல்லை.

ஜூன் கடைசியில் டாக்டர் நேரில் வந்தார். அண்ணனுக்குப் புண் ஆறியிருந்தது. முடி சரியாக வளரவில்லை. அடிமுடி மட்டும் திட்டுத்திட்டாக வந்து, முதுகு நடுவில் வெறும் தோலாகவே இருந்தது. தங்கையின் முடியை டாக்டர் விலக்கி விலக்கிப் பார்த்தார். கழுத்து, வயிறு, காதுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார். ஒரு சிவப்புகூட இல்லை. தலை வழவழப்பாக, இரண்டு கண்ணும் தெரிய அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

டாக்டர் இன்ஜினீயரிடம் திரும்பி, இந்த வருஷம் கடல்காற்று நன்றாக அடித்ததால் தப்பித்தது என்றார்.

“ரெண்டுக்கும் ஒரே காத்துதான் அடிச்சிது டாக்டர்” என்றேன்.

அவர் கை கழுவத் தண்ணீர் கேட்டார், கொண்டுவந்து ஊற்றினேன். அவர் போனபிறகு இன்ஜினீயர், இனிமேல் இரண்டையும் நீயே பார்த்துக்கொள், யாரையும் கூப்பிடவேண்டாம் என்றார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. அண்ணனைப் பிடித்து உட்காரவைத்து, முதுகில் புதிதாக முளைத்திருந்த நாலு முரட்டு மேல்முடியை விரலால் தடவிப் பார்த்தேன்.