நான் எடுக்கச் சொன்ன ஸ்கேன்

சித்தூரில் இருபது வருடமாகக் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கிறேன். எங்கள் மருத்துவமனையில் என் பிரிவுக்கே புதிதாக வந்த இளம் டாக்டரம்மாவின் அறை வாசலில் கூட்டம் சேரச் சேர, எனக்கு வயிறு எரிந்தது.

பக்கத்து ஊரான நல்லேப்பிள்ளியிலிருந்து வரும் மயிலாத்தாளுக்கு ஆறு மாதமாகத் தலைவலி. "கண்ணுக்குப் பின்னால குத்துதுங்க" என்பார். மூக்கடைப்பில்லை, சளியில்லை. தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். மூளையில் கோளாறில்லை என்று அறிக்கை வந்தது. படத்தை உறையிலிருந்து உருவிப் பார்க்காமலே ஒற்றைத் தலைவலி மாத்திரை எழுதினேன்.

நான் விடுப்பிலிருந்த நாளில் அவர் டாக்டரம்மாவிடம் போயிருக்கிறார். அவள் அதே படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தாள். மூக்குக்கு வெகு பின்னால், மண்டையின் அடியிலிருக்கும் ஸ்பீனாய்டு என்ற சைனஸ் அறை மட்டும் அடைந்து கிடந்தது.

அறுவை சிகிச்சைக்கு என்னைத் துணைக்கு அழைத்தாள். பார்வை நரம்பு அந்த அறையின் சுவரை ஒட்டியே ஓடுகிறது. மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, அறையைத் திறந்து, பூஞ்சைக் கட்டியை வழித்தெடுத்தாள். அவள் கை ஒரு தடவையாவது நடுங்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் கிடப்பது என் நோயாளி என்பதே மறந்துவிட்டது.

பத்து நாள் கழித்து மயிலாத்தாள் என் அறைக்கு வந்தார்.

"இப்ப வலியே இல்லீங்க. நீங்க எடுக்கச் சொன்ன ஸ்கேன்லதான் கண்டுபுடிச்சாங்களாமா. அந்தம்மாவே சொன்னாங்க."

"நல்லதுங்க" என்றேன். அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை என்பதை மறைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் எல்லாப் படங்களையும் உறையிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன். அவள் கைத்திறமைமேல் இருந்த பொறாமை நாளடைவில் அடங்கிவிட்டது. என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பேச்சின்மேல் வந்த பொறாமை மட்டும் இன்னும் அடங்கவில்லை.