மூன்றாவது சிலிண்டரில் சந்தனத் தண்ணீர்

என் கையெழுத்து கோழி கிளறிய மண்போல் இருக்கும். பிழைகளும் இருக்கும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திப் படியுங்கள். அறந்தாங்கிப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மலேசியாவில் ஈப்போவுக்குச் சமையல் வேலைக்கு வந்தேன். இங்கேயே பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டேன். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல் வந்து சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளின் வாசலில் கார் பானெட் திறந்திருக்கும். ஆண்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து நிற்பார்கள். வந்த புதிதில் எல்லாருடைய வண்டியும் ஒரே நாளில் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். ஊரில் கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே முதலில் கூட்டாளியைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. என் மனைவி பரமேஸ்வரிக்கு அந்தோணி இருக்கிறார்.

இருவரும் சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் ஒரே வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். தோட்டத்தை விற்றபோது ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினாலும் மின்விசிறி நின்றாலும் அவள் அந்தோணிக்குத்தான் போன் செய்வாள். அவள்மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருப்பது பொறாமை. ஒரு தடவையாவது இவள் என்னிடம் முதலில் வந்து சொல்லமாட்டாளா என்கிற பொறாமை.

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை கார் குலுங்கியது. வேகமானிக்குப் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள். "அந்தோணி வாரேன்னு சொல்லிட்டான்" என்றாள்.

அந்தோணி விரல் நீள ஸ்கேனர் ஒன்றை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். வண்டியின் நோய் அவருடைய கைப்பேசியில் ஆங்கிலத்தில் வந்தது. பரமேஸ் வாசித்தாள்: மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லையாம். நான் டார்ச் பிடித்தேன். பிடித்தது சரியில்லையோ என்னவோ, அதை அவள் வாங்கிக்கொண்டாள்.

"ஏய் கொசு, இந்தப் பக்கம் காட்டுலா" என்றார் அந்தோணி. இங்கே பேச்சின் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

அவளுக்குக் கொசு என்று ஒரு பெயர் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "அது பெரிய கதைங்க" என்றாள் அவள். கதையைச் சொல்லவில்லை.

அந்தோணி என்னிடம், "அண்ணே, நேத்து கார் வாஷுக்குப் போனீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மைதான், நான் எங்கும் போகவில்லை. அவர் ஸ்கேனரால் விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை உறுமவிட்டார். விளக்கு மறுபடி எரிந்தது. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில் போயிருக்கும், புதிதாக வாங்கலாம் என்றார். எதற்கும் பார்ப்போம் என்று மூன்றாவது காயிலை உருவினார். அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மஞ்சளாக, சந்தன வாசனையோடு.

இதற்கு நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். சின்ன வயதில் அறந்தாங்கியில் லாரி கிளீனராக இருந்தேன். ஆயுத பூசைக்கு முதல் நாள் இன்ஜினுக்கு மேலே குழாயைத் திறந்துவிட்டுக் குளிப்பாட்டுவோம். பிறகு சந்தனம் கரைத்துத் தெளித்துப் பொட்டு வைப்போம். பூசை முடிந்ததும் லாரி ஒரே சாவித் திருப்பில் கிளம்பும். அது டீசல் வண்டி; அதில் பொறி அடிக்கும் பிளக்கே கிடையாது. இது பெட்ரோல் கார். பிளக் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் அந்தக் குழிக்குள்தான் இறங்கும். எனக்கு அது தெரியவில்லை. பூசை அன்று அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் காரை ஆசையோடு குளிப்பாட்டிச் சந்தனமும் தெளித்திருந்தேன்.

அந்தோணி குழிக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணே, எங்க சர்ச்ல கூட இவ்வளவு தண்ணி தெளிக்க மாட்டாங்கலா" என்றார். பரமேஸ் காரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எத்தனையோ வருடமாக நான் வேடிக்கை சொல்லிப் பார்த்தும் வராத சிரிப்பு அது. அதை அந்தோணி பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

பழைய துணியால் ஒற்றி எடுத்தார்கள். அவள் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து குழிக்குள் காற்று அடித்தாள். இன்ஜின் சீராக ஓடியது. கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தால்தான் உறுதி, அப்படியே தன் வீட்டில் இறங்கிக்கொள்கிறேன், வரும்போது மகன் மோட்டார் சைக்கிளில் இறக்கிவிட்டான் என்றார் அந்தோணி. அவர் ஓட்டினார். கைப்பேசியைப் பார்த்துச் சொல்ல அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் என் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

சிம்பாங் பூலாயைத் தாண்டியதும் அவள் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டாள். அவர்கள் தோட்டம் இருந்த இடத்தில் இரண்டு மாடி வீடுகள் வரிசையாக வந்தன. "இங்கதான பெரட்டு" என்றாள். விடியுமுன் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தை அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு அடுத்து, வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளை விட்டுவைக்கும் ஆயாக் கொட்டகை என்றார் அவர். இல்லை, அது கிணற்றுக்கு அந்தப் பக்கம் என்றாள் அவள். இல்லாத கிணற்றுக்காகச் சண்டை போட்டார்கள். இரண்டு தலைகளுக்கும் நடுவில் எட்டிப் பார்த்தேன். எனக்கு வீடுகளும் காயப்போட்ட துணிகளும் மட்டுமே தெரிந்தன.

ஒரு தடவை அவளை அறந்தாங்கிக்கு அழைத்துப் போனபோது லாரி ஷெட் இருந்த இடத்தைக் காட்டினேன். அங்கே செல்போன் கடை வந்திருந்தது. அவள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெயிலாக இருக்கிறது, போகலாமா என்றாள். ஷெட் எந்தப் பக்கம் இருந்தது என்று என்னோடு சண்டை போட அங்கேயும் ஆள் இல்லை.

அந்தோணி தன் வீட்டு வாசலில் இறங்கிச் சாவியைக் கொடுத்தார். நன்றி சொன்னேன். அவர் உயரமானவர். சீட் பின்னால் தள்ளியிருந்தது. என் கால் பிரேக்கை எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுத்தேன். பின்பார்வைக் கண்ணாடியில் காரின் கூரை மட்டும் தெரிந்தது. பரமேஸ் நான் கேட்காமலே கைநீட்டி அதைத் திருப்பினாள். நான் உட்கார்ந்திருந்த பின்சீட் வந்தது. பிறகு வந்த வழி வந்தது. அந்த வழியில் அந்தோணி கேட்டைப் பிடித்துக்கொண்டு கையசைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப தெரியுதாங்க?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் திருப்பு" என்றேன்.

ஈப்போ,
தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை.