சாய்தளத்தில் செருப்பு

ஊனமுற்றோருக்கும் சம உரிமை என்று சட்டம் வந்த புதிதில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி எங்கள் வியாபாரிகள் கூட்டத்துக்கு வந்து பேசினார். நடக்க முடியாதவர்கள் சக்கர வண்டியோடு உள்ளே வர, படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு சாய்தளம் போடுங்கள் என்றார். தேரடி வீதியில் அதை முதலில் போட்டது என் ஜவுளிக்கடைதான். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து நிறுத்திக் காட்டினேன்.

எங்களிடம் வாடிக்கையாக ஒரு பெண் வருவார். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பியவர். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. கடைக்கு ஐந்து படி என்பதால் நாலைந்து புடவைகளைத் தெருவுக்கே கொண்டுபோய்க் காட்டுவோம். அதையே பெரிய உபகாரமாக நினைத்திருந்தேன். சாய்தளம் போட்ட வாரம் அவர் வந்து, கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாகச் சொன்னார்.

"இத்தன வருசமா நீங்க கொண்டாந்து காட்டுனதுலதான் எடுத்தேன். முகூர்த்தப் புடவ மட்டும் நானே உள்ள வந்து பாத்து எடுக்கணும்ங்க."

தாராளமாக வாருங்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அவர் வந்த ஞாயிறன்று கடையில் கூட்டம் நெரிந்தது. பாய் விரித்துத்தான் பட்டு காட்டுவோம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே வருவார்கள். வாசலில் பேச்சு சட்டென்று அடங்கியது. கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

சாய்தளம் முழுக்கச் செருப்பு. படியில் விட்டால் காலை இடறும் என்று எல்லோரும் அந்தச் சரிவிலேயே கழற்றிப் போட்டிருந்தார்கள். வண்டி ஏற வழியில்லை. அவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டிருந்தார். கூட வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, உள்ளங்கையை ஊன்றி, ஒவ்வொரு ஜோடியாக ஓரம் தள்ளி, தவழ்ந்து மேலே வந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் அள்ளிப் போட வேண்டியவன், உட்கார்ந்த இடத்திலேயே உறைந்துவிட்டேன். கடைசியாக, வாசலை ஒட்டி அவர் எடுத்த ஜோடி என்னுடையது. தினமும் கடை திறந்ததும் முதல் ஆளாக அங்கே கழற்றி விட்டது நான்தான். முதலாளி விட்ட இடம் என்று பார்த்துத்தான் மற்றவர்களும் விட்டிருக்கிறார்கள்.

அதையும் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவர் முன்னால் பட்டுகளை விரித்தோம். எதையும் தொடவில்லை. இரண்டு கைகளையும் பட்டின் மேல் படாமல் தள்ளிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க, கை கழுவிக்கிறேன். பட்டத் தொடணும்ல."