வகுப்புக்கு வர வேண்டாம் என்றவர்

சண்டைக் காலத்தில், வெள்ளவத்தையில் ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில் இருந்த தனியார் நடிப்புப் பள்ளியில் படித்தேன். நாங்கள் எல்லோரும் இருபது வயதுக்காரர். எங்களோடு படித்த ஒருவருக்கு மட்டும் நாற்பது தாண்டியிருக்கும். எந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பூட்டியிருப்பார். நடிக்கக் கூப்பிட்டால் சிரித்து மழுப்புவார். ஆனால் நாங்கள் வசனம் பேசும்போது அவருடைய உதடுகளும் சத்தமில்லாமல் அசையும். எல்லாருடைய வசனமும் அவருக்குப் பாடம்.

ஒரு பின்னேரம் படியிறங்கும்போது பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி, நாளைக்கு வகுப்புக்கு வராதீங்கோ."

"ஏன் அண்ணை? நாளைக்கு ஒத்திகையெல்லோ?"

"காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ."

முகத்தில் சிரிப்பில்லை. பயந்துபோய் வீட்டில் நின்றுவிட்டேன்.

அடுத்த நாள் ஒத்திகையின் நடுவில் ஆமி மேலே ஏறி வந்து, கதாநாயகனாக நடித்த யாழ்ப்பாணத்துப் பொடியனைக் கொண்டுபோனது. அவன் திரும்பவில்லை. அவனுடைய அம்மா லொட்ஜில் தங்கி, எங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து கேட்டுப்போனார்.

அந்த மனிதரும் பிறகு வரவில்லை. அவரையும் பிடித்துவிட்டார்கள் என்றனர் சிலர். காட்டிக்கொடுத்ததே அவர்தான் என்றனர் வேறு சிலர்.

பொடியனிடமும் அவர் அதைச் சொல்லியிருப்பாரோ, ஒத்திகையை விட மனமில்லாமல் அவன் வந்திருப்பானோ என்று சிலவேளை நினைப்பேன். அவனிடம் சொல்லவேயில்லை என்றால், என்னிடம் மட்டும் ஏன் சொன்னார்? அதை நினைக்க இன்னும் பயமாயிருக்கிறது.