துபாயில் தெரியாத குழந்தை

பெரம்பலூரில் வெப் பேஜ் எழுதும் எச்.டி.எம்.எல். கற்கச் சேர்ந்த மூன்றாவது வாரமே நான் மேதையாகிவிட்டேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களெல்லாம் எனக்கு அரை மனிதர்கள்.

லப்பைக்குடிகாட்டுக்காரனான வகுப்புத் தோழன் ஜபார் ஒருநாள் கேட்டான்: "எங்க மச்சான் துபாய்ல இருக்காருடா. புள்ள பொறந்து நாலு மாசமாச்சு, இன்னும் மொகத்தப் பாக்கல. ஒரு வெப் பேஜ் போட்டுக் குடேன்."

போட்டேன். மேலே ஓடும் எழுத்து, நடுவில் குழந்தை. என் கம்ப்யூட்டரில் பளிச்சென்று தெரிந்தது.

மறுவாரம் ஜபார் வந்தான். "புள்ள இருக்க வேண்டிய எடத்துல வெறும் கட்டந்தான் வருதாம்டா."

"ஒங்க மச்சானுக்கு மவுசப் புடிக்கவாவது தெரியுமா? வேற பிரவுசிங் சென்டர்ல போயி பாக்கச் சொல்லு."

மூன்று வெள்ளிக்கிழமைகள், மூன்று சென்டர்கள் அலைந்தார் அந்த மனிதர். அதன்பிறகுதான் நான் எழுதிய நிரலை நானே படித்துப் பார்த்தேன். படத்தை இணையத்தில் ஏற்றவே இல்லை. என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் காட்டும்படி எழுதியிருந்தேன். உலகத்திலேயே அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் குழந்தை தெரியும்.

சத்தமில்லாமல் சரிசெய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்புக்கே போன் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், புள்ளயப் பாத்துட்டேன் தம்பி!" ஜபாரின் மச்சான்தான். "எனக்குத்தான் ஒண்ணும் பாக்கத் தெரியல. ஒங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பரவால்ல பாய், போகப் போகப் பழகிடும்" என்று பெரிய மனதோடு அவரை மன்னித்தேன்.

இத்தனை வருடங்களில் இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததாக நினைவில்லை.