கோணி தொங்காத லைன்

எழுதிப் பழகாத கை இது. நாலாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு கடிதத்தின் மேல் விலாசம் எழுதியதைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் எழுதியதில்லை. வாக்கியம் கோணல்மாணலாக வந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் கூடிவிட்டது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து கரிந்த வாசம் வந்தால்தான் பால் வைத்த ஞாபகமே வருகிறது. ஆனால் ஒரு ஜன்னலில் தொங்கிய ஈரக் கோணி மட்டும் எனக்கு மறக்கவில்லை. அதன் ஓரம் பிரிந்து நூல் நூலாகத் தொங்கியது, தண்ணீர் சொட்டிச் சுவரில் கறுப்பாக இறங்கிய கோடு, வெயிலில் கிளம்பும் அந்த நனைந்த சணல் வாசம், எல்லாம் இப்போதும் அப்படியே இருக்கிறது.

கோணி என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். நாங்கள் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒரு கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எதிரே இன்னொரு வரிசை, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்குச் சந்து. அதுதான் லைன். ஆம்பிளைகளுக்கு ஷிப்ட் வாரா வாரம் மாறும். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் பகலில் தூங்குவதற்காக, வீட்டுக்காரி ஜன்னலில் இரண்டு ஆணி அடித்து, கோணியைத் தண்ணீரில் முக்கி மாட்டிவிடுவாள். உள்ளே இருட்டும் கிடைக்கும், குளிர்ச்சியும் கிடைக்கும். கோணி தொங்குகிற சந்தில் பிள்ளைகள் மூச்சு விடக்கூடாது. பந்து உருட்டக்கூடாது, பாட்டுப் பாடக்கூடாது, அழுதால்கூட வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் கூச்ச சுபாவம் உள்ளவள், சத்தமாகப் பேச வராது என்று எல்லோரும் சொல்வார்கள். லைனில் பிறந்த பெண்ணுக்கு முதலில் கிடைத்த பாடமே "உஷ்" என்பதுதான்.

அதனால் எங்கள் விளையாட்டு மைதானம் ஒரே இடத்தில் இருந்ததில்லை. திங்கட்கிழமை தோறும் அது இடம் மாறும். என் அக்கா இருந்தாளே, அவள்தான் அதைக் கண்டுபிடிப்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் பையை என் தலையில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு லைனாக ஓடி ஜன்னல்களை மட்டும் பார்த்துக்கொண்டு போவாள். ஒரு கோணிகூட இல்லாத சந்து அகப்பட்டதும் நடுவில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, "கோணி இல்லே! வாங்க!" என்று ஒரு குரல் கொடுப்பாள். நாலு லைன் தாண்டிக் கேட்கும். பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வந்து விழுவார்கள். அந்த வாரம் முழுக்க அது எங்கள் மைதானம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் தம்பி மகள்தான். அவளும் அவள் வீட்டுக்காரரும் விடியற்காலை ரயிலில் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டி வெகுநேரம் கழித்து வருவார்கள். அவர்களுடைய பெண் குழந்தை பகலெல்லாம் என்னோடுதான். அம்மா கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு என் வீட்டில் கேட்கிற ஒரே சத்தம் அவளுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, நீங்க தப்பா நினைக்காதீங்க. குழந்தை நாள் முழுக்க போனைப் பாத்துக்கினு கெடக்குது. ஓடி ஆட ஒரு நல்ல எடம் இந்த ஊர்ல இருந்தா சொல்லுங்க. இல்லாங்காட்டி ஜூன் மாசம் நாங்க பெங்களூர்லயே வீடு பாத்துடுவோம். அங்க அப்பார்ட்மெண்ட்டு கீழயே பார்க்கு இருக்குது."

"நான் பாக்குறேன்மே, கொஞ்சம் பொறு" என்றேன்.

மறுநாளே குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் கடைத்தெருப் பக்கம் ஒரு பூங்கா. கேட்டில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். கம்பி வழியாகப் பார்த்தபோது சறுக்கு மரத்தின் நடுவில் துருப்பிடித்து ஒரு பொத்தல். "அத்தை, அதுல சறுக்கினா பாதியிலேயே கீழ போயிடலாம்" என்று சிரித்தாள். கோரமண்டல் என்கிற பகுதியில் ஒரு மைதானத்தில் பெரிய பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். "ஆயா, ஓரமா போங்க, பந்து பட்டுடும்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் ஓரமாய்ப் போவதற்கு அங்கே ஓரமே இல்லை. சுரங்கத்துக்குள் இறங்குகிற பழைய ஷாப்ட்டுப் பக்கம் முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சயனைடு மலை வெள்ளை வெளேரென்று நின்றது. எங்கள் ஊரை மலை ஊர் என்று சொன்னால், இந்த மலையைத்தான் சொல்லவேண்டும். சாமி படைத்ததில்லை, எங்கள் அப்பன் பாட்டன் பூமிக்கடியிலிருந்து தூக்கிக் கொட்டியது.

"அதுல ஏறி சறுக்கலாமா அத்தை?"

"வேணாம் கண்ணு. அது தங்கம் எடுத்துட்டு மீந்த மண்ணு. காத்தடிச்சா கண்ணெல்லாம் எரியும்."

"அப்ப எல்லா எடமும் வேணாமா?"

அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். வழியில் எங்கள் பழைய லைன்களுக்குள் புகுந்து குறுக்கே வந்தேன். என்னையறியாமல் நான் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். ஒரு ஜன்னலிலும் கோணி இல்லை. லைன் லைனாக நடந்தேன், எங்கேயும் இல்லை. சுரங்கம் மூடின பிறகு ஏது நைட் ஷிப்ட்? என் அக்கா பார்த்திருந்தால் குதித்திருப்பாள். ஊர் முழுக்க மைதானம். ஆனால் ஒரு பிள்ளைகூட வெளியில் இல்லை. எல்லாம் டியூஷன், இல்லாவிட்டால் டிவி, இல்லாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு போன்.

அப்படி வந்து நான் நின்ற இடம் டிம்பர்மேன் வீட்டம்மா குடியிருந்த சந்து. கால் தானாக அங்கே கொண்டுவந்து விட்டது.

சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துகிறவர் டிம்பர்மேன். அவருடைய மனைவியை நாங்கள் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் லைன்களிலேயே அந்த அம்மாவைப் போலக் கோணியைக் காவல் காத்தவர் கிடையாது. சந்து முனையில் எங்கள் நிழல் பட்டாலே விளக்குமாற்றோடு வந்துவிடுவார். கத்தமாட்டார், கத்தினால் புருஷன் விழித்துக்கொள்வாரே. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவான குரலில், "எந்த ஊட்டு எருமைங்கடி நீங்க? மனுசன் ராவெல்லாம் இருட்டுல கெடந்துட்டு வந்து கண்ணை மூடியிருக்குறாரு. போங்க, உங்க அப்பன் தலைமாட்டுல போய் ஆடுங்க" என்று வைவார். என் அக்கா தூரமாய் ஓடிப்போய்த் திரும்பி நின்று, அதே மாதிரி பல்லைக் கடித்துக் காட்டுவாள். எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும், அதையும் சத்தமில்லாமல்தான் சிரிக்கவேண்டும்.

ஒரு முறை பங்காருபேட்டையில் மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு சில நாள் கழித்து ரயிலில் வந்து இறங்கினோம். அம்மா மூட்டையோடு பின்னால் வர, அக்கா என்னை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினாள். டிம்பர்மேன் வீட்டு ஜன்னலில் கோணி இல்லை. அவருக்கு நைட் ஷிப்ட் வாரம், வாரத்தின் நடுவிலேயே கோணி இல்லை. அக்காவுக்கு நம்ப முடியவில்லை. நடுச்சந்தில் நின்று, "கோணி இல்லே! வாங்க!" என்று கொடுத்தாள் பாருங்கள் ஒரு குரல், அவள் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாய்க் கத்தியிருக்கமாட்டாள். பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் சந்து முனையிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்தியும் உள்ளே வரவில்லை. "இன்னாடி, பயமா?" என்று அக்கா கேட்டாள். நாங்கள் ஒரு கயிற்றை எடுத்து ஒரு முனையைத் தூணில் கட்டி, மறு முனையை நான் சுற்ற, அக்கா பாடிக்கொண்டே குதித்தாள். எதிர் வீட்டு அக்கா ஒருத்தி கதவைப் பாதி திறந்து எங்களைப் பார்த்து வேகமாகக் கையை ஆட்டினாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நாங்கள் ஊரில் இல்லாதபோது ராக் பர்ஸ்ட் ஆகியிருந்தது. அடியில் பாறை வெடித்தால் மேலே எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடும். ஊரே ஷாப்ட்டைப் பார்த்து ஓடும். அந்தத் தடவை ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் மேலே வராதவர்களில் டிம்பர்மேனும் ஒருவர். இது எங்களுக்குத் தெரியாது.

கதவு திறந்து அந்த அம்மா வெளியே வந்தார். கையில் விளக்குமாறு இல்லை. அக்காவுக்குக் கால் நின்றுவிட்டது. அந்த அம்மாவின் நெற்றியைப் பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது. கயிறு கையிலிருந்து நழுவியது. எதிர் வீட்டு அக்கா ஓடிவந்து, "சின்னதுங்க, ஊர்ல இல்ல, தெரியாம வந்துடுச்சிங்க" என்று என்னென்னவோ சொன்னாள். டிம்பர்மேன் வீட்டம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. குனிந்து கயிற்றை எடுத்தார். தூணில் கட்டின முனை சரியாக இருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டே? ஆடு" என்றார் அக்காவிடம். பிறகு சந்து முனையைப் பார்த்து, முதல் தடவையாக உரக்கச் சொன்னார். "அங்க ஏன் நின்னுகினு இருக்குறீங்க? வாங்க எல்லாரும். இங்க இனிமே தூங்குற ஆளு யாரும் இல்ல. நல்லா சத்தம் போட்டு ஆடுங்க. எனக்குச் சத்தம் வேணும்."

அவரே கயிற்றைச் சுற்றினார். முகத்தில் அழுகை இல்லை, சிரிப்பும் இல்லை. கையை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்தச் சந்து அதன் பிறகு வாரம் மாறினாலும் மாறாத மைதானமாயிற்று. மற்ற நைட் ஷிப்ட்காரர்கள் வீட்டில் யாராவது முணுமுணுத்தால், "எங்க ஊட்டு முன்னால ஆடுதுங்க, உனக்கு இன்னா?" என்று எங்களுக்காகச் சண்டைக்குப் போனார். கம்பெனி வீடு, சுரங்கத்தில் வேலை செய்கிற ஆள் இல்லாவிட்டால் காலி செய்யவேண்டும். சில மாதம் கழித்து அந்த அம்மாவின் அண்ணன் வந்து அவரை வேலூர்ப் பக்கம் அழைத்துப் போனார். அன்று சாயங்காலம் நாங்கள் போனபோது வீடு பூட்டியிருந்தது. தூணில் கயிறு கட்டியபடி இருந்தது. ஜன்னலில் இரண்டு ஆணி.

இப்போது அந்த வீட்டுக்குக் கூரை இல்லை. ஜன்னல் மட்டும் இருக்கிறது. குழந்தை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை, இங்க யாருமே இல்லையே. யாரோட ஆடுறது?"

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. சந்தையில் விலை கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள் நான். இரண்டு கையையும் வாயில் குவித்து, "கோணி இல்லே! வாங்க!" என்று கத்தினேன். குரல் உடைந்து இருமலாக வந்தது. குழந்தை பயந்துவிட்டாள். மறுபடி கத்தினேன். ஒரு நாய் எழுந்து போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. என் வயதுக்காரர் ஒருவர், அந்தக் காலத்தில் எங்களோடு ஆடியவர், பனியனோடு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"யாரது? கோணி இல்லேன்னு கத்துனது யாரும்மா?"

"நான்தாங்க" என்றேன் வெட்கத்தோடு.

"உங்க அக்கா செத்தப்புறம் இந்தக் குரல் கேக்கும்னு நான் நினைக்கல" என்றார். அடுத்த நிமிஷம் உள்ளே திரும்பி, "டேய், போனை வெச்சிட்டு வெளிய வாங்க, கூப்புடுறாங்க இல்ல" என்று பேரப்பிள்ளைகளை விரட்டினார். அவை இரண்டும் வந்தன. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஒன்று வந்தது. அவர் கொடுத்த கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டிவிட்டு நான் சுற்றினேன்.

தினமும் சாயங்காலம் போனோம். ஒரு ஞாயிறு தம்பி மகளை அழைத்துப்போய்க் காட்டினேன். சந்து முனையில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது அத்தை" என்றாள். "ஆனா எங்களுக்கு ரயில்லயே பாதி உசுரு போவுது. அவ தூங்குறப்போ வந்து, அவ தூங்குறப்போ போறோம். அவ மூஞ்சியையே நான் பாக்குறதில்ல." ஆம்பிளைகளைத் தூக்கத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்தவள்தானே நானும். ஜூன் மாதம் போய்விட்டார்கள்.

அவர்கள் போன மறுநாள் என் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். வீட்டுக்காரர் காலத்து ஆணி இரண்டும் அப்படியே இருந்தன. ஒரு அரிசிக் கோணியை நனைத்து மாட்டினேன். வெயிலில் கண் கூசுகிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டேன். இருட்டில் படுத்துக் கிடந்தேன். யாரும் வரமாட்டார்கள், கோணி தொங்குகிற வீட்டின் முன்னால் யார் சத்தம் போடுவார்கள் என்று நிம்மதியாக இருந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கோணி என்றால் என்ன தெரியும்? ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றுகொண்டு அந்தச் சந்துப் பிள்ளைகள் மூன்றும் சேர்ந்து கூவின. "அத்தை! கயிறு சுத்த ஆளு இல்ல! வாங்க!" என் குழந்தை கூப்பிட்டதைக் கேட்டு அவையும் அத்தை என்றே பழகியிருந்தன. ஒருத்தி கோணியை விரலால் குத்திப் பார்த்து, "ஐயே, ஈரம்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, அதற்கப்புறம் வந்ததை இங்கே எழுதவில்லை. எழுந்து கோணியைக் கழற்றினேன்.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். அந்த ராக் பர்ஸ்ட் எந்த ஷாப்ட்டில் ஆனது, டிம்பர்மேன் வீடு சந்தில் எத்தனையாவது, அந்த அம்மாவின் அண்ணன் ஊர் வேலூரா குடியாத்தமா, எதுவும் எனக்கு நிச்சயமில்லை. பழைய ஆட்கள் யாராவது இருந்தால் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். அந்த அம்மா எத்தனை காலம் இருந்தார், எங்கே போய்ச் சேர்ந்தார் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்தவேண்டாம், எனக்குச் சத்தம் வேணும் என்றது. அது சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.